சொன்னபடி கேட்ட உரக்குவியல்

அலுவலகத்தில் அவருக்குக் குறிப்புக்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக முதுகுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும் பெயர் என்றைக்காவது முன்னால் வந்து நிற்காமலா இருக்கும்? காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் கைகழுவும் இடத்துக் குழாய் ஒழுகியது. அவர் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். ஒரு மாதம் கழித்து நினைவூட்டுக் குறிப்பு. அப்புறம் அந்த நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு. பதினோரு குறிப்புகள் சேர்ந்து தனிக் கோப்பே ஆகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சார், குழாய் ஒழுகுதே, யாரும் பார்க்க மாட்டாங்களா?" என்று கேட்டபோது, "அதெல்லாம் எப்பவோ பார்த்தாச்சும்மா" என்று கோப்பை எடுத்துக் காட்டினார். குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எழுதியாகிவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்று மனதார நம்புகிற ஆள் அவர்.

அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தேழாவது வயதில் மண் ஆசை பிடித்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்த படங்கள்தான் காரணம். யாரோ ஒரு முன்னாள் வங்கி மேலாளர் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, அதைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். குறிப்புக்காரர் அந்தப் படத்தை ஒரே மாதத்தில் நாற்பது தடவை பார்த்தார். ரசாயனம் தொடாத ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போகப்போவதாக ஒருநாள் அறிவித்தார்.

மேலாளர் விவரமானவர். "ராஜினாமா எல்லாம் வேண்டாம் சார். சம்பளமில்லாத லீவு ஒரு வருஷம் எடுத்துக்கங்க. உங்க நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். சரிப்படலைன்னா திரும்பி வந்துடுங்க" என்றார். சொன்ன வார்த்தை இனிப்பாக இருந்தது. சொன்ன முகம் வேறு ஏதோ சொன்னது. வழியனுப்புக் கூட்டத்தில் கேக் வெட்டி, வைக்கோல் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக் கைதட்டினார்கள். குறிப்புக்காரர் நாற்பது நிமிடம் பேசினார். "இருபத்திரண்டு வருஷமா காகிதத்தைத் தொட்டேன். இனிமேல் இந்தக் கை மண்ணைத்தான் தொடும்" என்று கையை உயர்த்திக் காட்டி முடித்தார். கடைசி வரிசையில் இரண்டு பேர், மூன்று மாதமா ஆறு மாதமா என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது அவர் காதில் விழாமல் இல்லை. செத்தாலும் அந்த நாற்காலிக்குத் திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். இத்தனை பேச்சுக்கும் பிறகு அந்த மூன்றாம் மாடிப் படிகளில் ஏறி, அத்தனை பேரின் புன்னகைக்கும் நடுவே போய் உட்காருவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

அவர் மனைவி கணக்கு டீச்சர். அவள் தடை சொல்லவில்லை. "என் சம்பளத்துல வீடு ஓடிடும். போங்க. ஆனா அரைகுறையா ஒண்ணைச் செஞ்சுட்டு வந்து நிக்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

தோட்டம் ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆறு ஏக்கர். உரிமையாளர் பதினெட்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து விட்டுவிட்டு வந்தவர். எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மண்வெட்டியைப் பிடித்தாலும் ஊசி போடுகிற மாதிரி அளந்துதான் பிடிப்பார். இரண்டு வருடமாக ரசாயன உரமோ மருந்தோ ஒரு சொட்டு நிலத்தில் விழவில்லை. மூன்றாவது வருட முடிவில் ஆய்வாளர் வந்து பார்த்து, பதிவேடுகளும் நிலமும் சரியாக இருந்தால் இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் கிடைக்கும். நர்ஸம்மா தூக்கத்தில்கூட அந்தச் சான்றிதழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் குறிப்புக்காரருக்குக் களை எடுக்கும் வேலை. ஒரு புல்லைப் பிடுங்குவார், வேரைத் திருப்பிப் பார்ப்பார், மண்ணைத் தட்டுவார், பிடுங்கிய புல்லை எல்லாம் ஒரே பக்கம் தலை இருக்கும்படி அடுக்குவார். ஒரு மணி நேரத்தில் ஒரு கை நீளம் நகர்ந்திருந்தார். பக்கத்துப் பாத்தியில் இருந்தவள் உரக்காரம்மா. தோட்டத்து உரக்குவியல்கள் அவள் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். தன் பாத்தியை முடித்து, அவருடைய பாத்தியிலும் முக்கால்வாசியை முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று அவரைப் பார்த்தாள்.

"சார், நீங்க புல்லைப் பிடுங்குறீங்களா, இல்ல பேட்டி எடுக்குறீங்களா?"

ஒன்பதாவது நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அன்றைக்கு நர்ஸம்மா அவரை விதை அறையில் உட்காரவைத்து, ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொட்டினார். பழைய காலண்டர் தாள்கள், மருந்துக்கடை உறைகள், ஒரு சிகரெட் பெட்டியின் உள்பக்கம். எல்லாவற்றிலும் எந்தப் பாத்தியில் என்றைக்கு என்ன விதைத்தது, என்ன உரம் போட்டது என்று கிறுக்கியிருந்தது.

"ரெண்டே நாள் சார். இதை மட்டும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து கொடுத்துடுங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இடுப்பும் சரியாயிடும், அப்புறம் நிலத்துக்குப் போயிடலாம்."

அந்த இரண்டு நாள் பதினோரு மாதம் ஆயிற்று. முதல் வாரம் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினார். இரண்டாவது வாரம் ஒரு மேசை வந்தது. மேசை வந்தால் நாற்காலி வராமல் இருக்குமா? வந்தது. வெயில் காலத்தில் ஃபேன் வந்தது. தோட்டத்தின் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்பு ஒன்றைக் குறிப்புக்காரர் தன் செலவிலேயே செய்துகொண்டு வந்தார். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, பாத்திக்கு ஒரு பக்கம், உரக்குவியலுக்கு ஒரு பக்கம், விதைக்கு ஒரு பக்கம் என்று ஏழு ரிஜிஸ்டர்கள். அடக் கடவுளே, தப்பித்து வந்த மனிதர் மறுபடியும் மாட்டிக்கொண்டாரே என்று நாம் பரிதாபப்படலாம். அவர் படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பச்சை, மேசைமேல் வெள்ளைத் தாள், நடுவே அவர். மனிதர் மகா சந்தோஷமாக இருந்தார்.

சிக்கல் வீட்டில்தான். மனைவியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்கு நிலத்துக்குப் போய்விடுவோம், போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். கணக்கு டீச்சரோ தினமும் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனாவைப் பிடித்த கை பேனாவைப் பிடித்த மாதிரித்தானே இருக்கும்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் முன் கொல்லைப்பக்கம் இருக்கும் உரக்குவியலில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டு ஒரு பிசை பிசைவார். நகத்தின் இடுக்கெல்லாம் கறுப்பு ஏறியதும் லேசாகத் தட்டிவிட்டுப் பஸ் ஏறுவார். வீட்டுக்குப் போனதும் மனைவி வெந்நீரும் பிரஷ்ஷும் எடுத்து வந்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்துவிடுவாள். "இந்த வயசுல இப்படி உழைக்கணுமா?" என்பாள். அவருக்குக் கொஞ்சம் குற்றவுணர்ச்சி இருந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. அவள் மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அந்த நகங்களைப் பற்றிச் சொல்லுவாள். ஸ்டாஃப் ரூமில் பன்னிரண்டு பேர் அந்தத் தோட்டத்துக் கீரையை வாரந்தவறாமல் வாங்கினார்கள்.

இனி அந்த உரக்குவியலைப் பற்றி. மாட்டுச் சாணமும் இலைதழையும் சேர்த்துக் குவித்தால் உள்ளே தானாகச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் சாணத்தில் இருக்கும் கெட்ட கிருமிகள் சாகும். பதினைந்து நாளாவது ஐம்பத்தைந்து டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இடையில் ஐந்து தடவை கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் காற்றுப் போகாமல் குவியல் ஆறிவிடும். நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டரைச் செருகித் தினமும் சூட்டைப் பார்த்து எழுத வேண்டும் என்பது சான்றிதழ்க்காரர்களின் விதி.

குறிப்புக்காரர் முதல் நான்கு குவியல்களுக்குத் தினமும் போய்ப் பார்த்து எழுதினார். நான்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. நாற்பதில் தொடங்கி அறுபத்தைந்துக்கு ஏறி, கிளறினால் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் மெல்ல ஆறின. ஐந்தாவது குவியலின்போது மழை. விதை அறையிலிருந்து குவியலுக்குப் போகும் வழி சேறு. சாயங்காலம் கையைக் கறுப்பாக்க எப்படியும் ஒரு தடவை போக வேண்டும். நடக்கப்போவது தெரிந்த விஷயத்துக்கு இன்னொரு தடவை செருப்பை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? நாற்காலியில் இருந்தபடியே 61 என்று எழுதினார். மழை விட்டது. சேறு காய்ந்தது. எழுதும் இடம் மட்டும் மாறவில்லை.

ஆறாவது குவியல் போட்ட மூன்றாம் நாள் உரக்காரம்மாவுக்கு முதுகில் பிடிப்பு. விதை அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், என்னால கிளற முடியாது. வேற யாரையாவது விட்டுக் கிளறச் சொல்லுங்க. விட்டா ஆறிடும்."

"கவலைப்படாதம்மா, நான் பார்த்துக்கறேன். நீ போய்ப் படு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அவள் போனதும் ரிஜிஸ்டரைத் திறந்து, "குவியல் 6: கிளற மாற்று ஏற்பாடு தேவை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்குப் பிறகு ஐந்து தடவை கிளறியதாக ஐந்து தேதிகளில் பதிவாகியிருக்கிறது. கிளறியது யார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஏற்பாடு செய்தாயிற்று, யாராவது கிளறியிருப்பார்கள்.

அந்த நாட்களில் அவர் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். முன்பெல்லாம் சாயங்காலம் கையை விட்டால் சுடும். இரண்டு நொடியில் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். இப்போது நிதானமாக வைத்துக்கொள்ள முடிந்தது. இதமாக இருந்தது என்றே சொல்லலாம். கை உரமேறிவிட்டது, உழைப்பாளியின் கை ஆகிவிட்டது என்று அவருக்கு ஒரே பெருமிதம். அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், "பதினோரு மாசம் ஆச்சு சார். சூடெல்லாம் இப்ப உறைக்கிறதே இல்லை" என்று தானாகவே சொன்னார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். ரப்பர் பூட்ஸைப் பையில் எடுத்து வந்து மாட்டிக்கொண்டார். ஏழு ரிஜிஸ்டர்களையும் ஒன்றரை மணி நேரம் புரட்டினார். நர்ஸம்மா சுவரோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். குறிப்புக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்க்கும் தகப்பனைப்போல வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார்.

"இந்த மாதிரி ரிஜிஸ்டரை நான் பார்த்ததே இல்லை" என்றார் ஆய்வாளர். நர்ஸம்மாவுக்கு மூச்சு வந்தது. "இந்த ஆறாவது குவியல் ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கு. சொன்னபடி கேக்குது. ஒருநாள்கூட ஏத்த இறக்கமே இல்லை. அதை ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாமா?"

குவியல் அருகே போனதும் தன்னுடைய தெர்மாமீட்டரைச் செருகினார். காத்திருந்தார். எடுத்துத் துடைத்து வேறு இடத்தில் செருகினார். மூன்று இடத்தில் பார்த்தார்.

"காலைல என்ன எழுதியிருக்கீங்க?"

"அறுபத்து மூணு" என்றார் குறிப்புக்காரர்.

"முப்பத்தொண்ணு காட்டுது. இன்னிக்கு வெயிலே முப்பத்து மூணு."

குறிப்புக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் சாயங்காலம் அதற்குள் கையை விட்டவர் அவர். ஆறிப்போன குவியலை நாள்தோறும் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் அவர்தான். அதை அவர் தன் கையின் பெருமை என்று எடுத்துக்கொண்டிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"எங்க தெர்மாமீட்டர் கோளாறா இருக்கும் சார்" என்று முந்திக்கொண்டார் நர்ஸம்மா. சொல்லிவிட்டுக் குறிப்புக்காரரைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. "பழசு. அப்படித்தானே சார்?"

அருமையான பதில். இழப்பீட்டு மனுக்களில் இருபத்திரண்டு வருடம் அவர் படித்த பொய்களிலேயே உறுதியானது அதுதான். மனிதன் மேல் பழி போட்டால் மனிதன் வாயைத் திறப்பான், கருவியா திறக்கப்போகிறது? ஆய்வாளரும் ஒப்புக்கொள்கிற மாதிரித் தலையசைத்து, "அப்படின்னா தெர்மாமீட்டரை மாத்தணும்னு எழுதிட்டு முடிச்சுக்கலாம். இந்தக் குவியல்ல இருந்து எந்தப் பாத்திக்காவது உரம் போயிருக்கா?" என்று கேட்டார்.

போயிருந்தது. ரிஜிஸ்டரில் பதினைந்து நாள் கணக்கு முடிந்துவிட்டதால், போன வாரம் பாதிக் குவியலை எடுத்துக் கீரைப் பாத்திகளில் போட்டிருந்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த கீரை நடுவே, கிருமி சாகாத சாணம். நாளைக்கு அறுப்பு. அதில் பன்னிரண்டு கட்டு ஸ்டாஃப் ரூமுக்கு. அதில் பாதிப் பேர் பச்சையாகவே நறுக்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

"தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார் குறிப்புக்காரர். "நான்தான் பார்க்கலை. நாற்காலியில உக்காந்துட்டே எழுதினேன். ரெண்டு குவியலுக்கு அப்படித்தான். இதை யாரும் கிளறவும் இல்லை. கீரைக்குப் போயிருக்கு. அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது."

ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். கீரைப் பாத்திகள் அனைத்தையும் மடக்கி உழ வேண்டும், ஐந்தாவது குவியல் போன பாத்திகளையும் சேர்த்து அந்த இரண்டு ஏக்கருக்குச் சான்றிதழ் இந்த வருடம் இல்லை, மற்ற நான்கு ஏக்கருக்கு இன்னும் மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்த பிறகே முடிவு. எழுதி முடித்து, பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நர்ஸம்மா கத்துவார் என்று குறிப்புக்காரர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவர் குவியல் ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"நான் ஏன் நர்ஸ் வேலையை விட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது மேடம்."

"வார்டுல கூட்டம் தாங்காத நாள்ல ஜுரம் பார்க்காமலே சார்ட்டுல எழுதுவோம். நேத்து தொண்ணூத்தெட்டு, இன்னிக்கும் தொண்ணூத்தெட்டுன்னு. எல்லாரும் செய்யறதுதான். ஒருநாள் நான் அப்படி எழுதிட்டு நிமிர்ந்து பார்க்கறேன், அந்த ஆளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நூத்தி நாலு. பிழைச்சுட்டான். ஆனா என்னால அந்தச் சார்ட்டை மறுபடி தொட முடியலை. சார்ட்டே இல்லாத இடமாப் பார்த்து வந்தேன்." அவர் விதை அறைப் பக்கம் கையைக் காட்டினார். "கடைசியில நானே மேசை போட்டுக் கொடுத்து, உங்களை உக்கார வெச்சு, அதையே எழுத வெச்சிருக்கேன். இப்பகூடப் பாருங்க, பொய்யை முதல்ல எடுத்துக் கொடுத்தது நான்தான்."

குறிப்புக்காரருக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"இனி நீங்க ஒரு எழுத்து எழுதக் கூடாது" என்று எழுந்தார் நர்ஸம்மா. குரலில் பழைய வார்டு திரும்பியிருந்தது. "ரிஜிஸ்டரை நானே பார்த்துக்கறேன். உரக்காரம்மாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் குனிய முடியாது. இந்தக் குவியலைப் பிரிச்சுப் புதுசாப் போடணும். மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதேதான். ஆறு மணிக்கு இங்க இருக்கணும். முடியலைன்னா ஆபீஸுக்கே போயிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்க லீவுதான் இன்னும் ஒரு மாசம் இருக்கே."

அன்று அவர் கையைக் குவியலில் விடாமல் பஸ் ஏறினார். வீட்டில் மனைவி வெந்நீரோடு வந்து கையைப் பிடித்தாள். சுத்தமாக இருந்த நகங்களைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒன்பதாவது நாளிலிருந்து ஆரம்பித்து, மேசை, ஃபேன், ஸ்டாம்பு, சாயங்காலக் கை, கீரை எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. வெந்நீர் ஆறியது.

"பதினோரு மாசமா நான் தேய்ச்சது வேஷமா?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். உள்ளே சாமான்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. அவர் அலுவலக மேலாளரின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தினால் போதும். நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது, ஃபேனும் இருக்கிறது, குழாய்கூட அதே மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். மனைவி வாசல்படியில் வந்து நின்றாள்.

"யாருக்குப் போன்?"

"இன்னும் பண்ணலை."

"பண்ணாதீங்க." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நாளைக்குப் போய்க் கீரை ஏன் வரலைன்னு பன்னெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லணும். உண்மையைத்தான் சொல்லப்போறேன். ஆனா என் வீட்டுக்காரர் நிலத்துல வேலை செய்யறார்னு பதினோரு மாசமா சொல்லிட்டேனே, அதைப் போய்ப் பொய்யின்னு என்னால சொல்ல முடியாது. அதை நிஜமாக்கிட்டு வாங்க. எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஆறு."

"முதல் பஸ் நாலே முக்காலுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

குறிப்புக்காரர் போனில் மேலாளரின் எண்ணை மூடிவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்தார். அரை டன் ஈரச் சாணத்தைத் தனியாகக் கிளற வேண்டும். இடுப்பு தாங்குமா என்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன் வேலையை நினைத்துப் பயமாக இருந்தது.